பல் தேய்ந்த காளைக்குத் தானியத்தை எந்த அளவுக்கு உடைப்பது?

கொடைக்கானல் மேல்மலையில் இன்னும் ஏர் மாடுகள் இருக்கின்றன. பூம்பாறை தாண்டி மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று போகப் போக, சரிவில் படிப்படியாக வெட்டிய நிலம்தான் அதிகம். டிராக்டர் திரும்ப இடம் இருக்காது. பூண்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் அங்கே காளைகள்தாம் உழுகின்றன. வயதாகி ஏர் இழுக்க முடியாமல் ஓய்ந்துபோகும் காளைகளை நான் வாங்கிக்கொள்கிறேன். மூன்று நான்கு மாதம் நல்ல தீனி கொடுத்து, உடம்பு தேறிய பிறகு கறிக்கு எடுக்கும் வியாபாரிகளுக்கு விற்கிறேன். பெரும்பாலானவை பொள்ளாச்சி வழியாகக் கேரளத்துக்குப் போகும்.

இந்தத் தொழிலில் இளங்காளைக்கு இடமில்லை. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று வாங்கிய மாட்டைத்தான் அறுக்க முடியும். உடம்பில் சரியாகாத ஊனம் இருந்தாலும் சான்று கிடைக்கும். ஆக என் கொட்டகைக்கு வருவதெல்லாம் கிழட்டுக் காளைகள். கறிமாட்டுத் தீவனம் பற்றி நாம் படிக்கிற பெரும்பாலான விஷயங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒன்றரை, இரண்டு வயது மாடுகளை வைத்துக் கண்டறிந்தவை. அந்த மாடுகளுக்கு வாய் நிறையப் பல் இருக்கிறது. என் காளைகளுக்கு இல்லை. தானியத்தை எவ்வளவு உடைப்பது, தட்டையை எவ்வளவு வெட்டுவது, ஊறவைப்பதா வேகவைப்பதா என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதனால் ஒரு காளை வந்ததும் முதலில் வாயைத் திறந்து பார்ப்பேன். மாட்டுக்கு மொத்தம் 32 பற்கள். முன்னால் கீழ்த்தாடையில் மட்டும் எட்டு. மேலே பல் கிடையாது, தடித்த ஈறுதான். மீதி 24-ம் கடைவாயில். சந்தையில் எல்லோரும் முன்பல்லைப் பார்த்து வயது சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தீனி போடுகிறவனுக்கு முக்கியம் கடைவாய்ப் பல். முன்பல் விழுந்த காளை குட்டையான கிக்குயூ புல்லை மேய முடியாமல் இளைக்கும். புல்லை அறுத்துப் போட்டால் பிழைத்துக்கொள்ளும். கடைவாய்ப் பல் தேய்ந்த காளைக்கு அறுத்துப் போட்டாலும் போதாது. அது பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பும். கன்னத்தில் தீனி ஒதுங்கி ஒரு பக்கம் உப்பியிருக்கும். சாணியில் விரல் நீளத்துக்கு வைக்கோல் அப்படியே வரும். தொட்டிக்கு அடியில் இப்படி மென்று துப்பிய உருண்டை கிடக்கிறதா என்று காலையில் பெருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. அதை அலட்சியமாகக் கூட்டித் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். மாடு தன் குறையைச் சொல்ல அதற்கு வேறு வழி இல்லை.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடு தின்றதெல்லாம் முதலில் அசையூண் வயிற்றுக்குப் போகிறது. அங்கே மாட்டின் சொந்தச் செரிமான நீர் எதுவும் கிடையாது. கோடானுகோடி நுண்ணுயிர்கள்தாம் தீனியைப் புளிக்க வைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களை உறிஞ்சித்தான் மாடு வலுவையும் கொழுப்பையும் பெறுகிறது. அந்த வயிறு அளவுக்கு மேல் புளித்துக் கெட்டுப் போகாமல் காப்பது உமிழ்நீர். வளர்ந்த மாட்டுக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டரை ஒட்டிச் சுரக்கும் அதில் சோடா உப்பின் குணம் உண்டு. அசை போடும்போதுதான் அது அதிகமாகச் சுரக்கும். நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும் மாடு தன் மருந்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நீளமான நார் வயிற்றின் சுவரைக் குத்தினால்தான் அசை எழும்பும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும்: தானியத்தை உடைப்பது நம் வேலை, நாரை மெல்லுவது மாட்டின் வேலை. கிழட்டுக் காளை விஷயத்தில் இந்த இரண்டாவது வேலைக்கு நாம் கைகொடுக்கலாம். முழுதாகப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

முதலில் தானியம். எனக்கு மக்காச்சோளம் ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கத்திலிருந்து மேலே ஏறி வருகிறது. லாரி வாடகை சேர்ந்து இங்கே வந்து சேரும்போது விலை கணிசமாகக் கூடிவிடும். அதில் ஒரு பங்கு சாணியோடு போனால் பொறுத்துக்கொள்ள முடியாது. மக்காச்சோள மணியில் பத்தில் ஏழு பங்கு மாவுச்சத்து. மேலே வழுவழுப்பான கெட்டித் தோல். அது கிழியாதவரை எந்த நுண்ணுயிரும் உள்ளே நுழைய முடியாது. தோலுக்கு உள்ளே, மணியின் கடினமான பகுதியில், மாவுத் துகள்களைச் சுற்றிப் புரதம் செங்கல்லுக்கு நடுவே காரை பூசியதுபோல இறுகியிருக்கிறது. ஆக, தானியத்தைப் பக்குவப்படுத்துவதில் இரண்டு படி உண்டு. தோலை உடைப்பது முதல் படி. புரதக் காரையைத் தளர்த்துவது இரண்டாவது படி. மில்லில் உடைத்தால் முதல் படி நடக்கிறது. ஈரத்தோடு சூடோ புளிப்போ சேர்ந்தால்தான் இரண்டாவதும் நடக்கும்.

இளம் மாடு முழு மக்காச்சோளத்தை நன்றாகவே மென்று உடைத்துவிடும். அமெரிக்கப் பண்ணைகள் சிலவற்றில் முழுதாகவே போடுகிறார்கள் என்பதன் காரணம் இதுதான். பல் தேய்ந்த காளைக்கு முழு மணி போட்டால் அது வந்த மாதிரியே போய்விடும். மணி சிறியதாகவும் கெட்டியாகவும் ஆக ஆக இந்த இழப்பு கூடும். சோளம் மக்காச்சோளத்தைவிடச் சின்னது, அதன் புரதக் காரை இன்னும் இறுக்கம். அதை உடைக்காமல் போடவே கூடாது. கம்பும் கேழ்வரகும் பல்லில் மாட்டாமலே வழுக்கி இறங்கிவிடும். ஓட்ஸ் மட்டும் மென்மை. முழுதாகப் போட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

உடைத்தது போதுமா என்று அறிய எந்தச் சோதனைச் சாலையும் வேண்டாம். ஒரு சல்லடை போதும். காலையில் புதிதாகப் போட்ட சாணியில் ஒரு டம்ளர் அளவு எடுத்துச் சல்லடையில் போட்டு, குழாய்த் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசுவேன். மிஞ்சுவதைக் கையில் எடுத்துப் பார்த்தால் முந்தின நாள், அதற்கு முந்தின நாள் போட்ட தீனியின் கதை முழுக்க அதில் இருக்கும். மஞ்சள் மணி தெரிந்த உடனே பதற வேண்டாம். நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே வெறும் தோல் என்றால் மாவு செரித்துவிட்டது, தோல் மட்டும் வந்திருக்கிறது. அழுத்தினால் வெள்ளை மாவு பிதுங்கினால் அதுதான் நஷ்டம். அப்போது இன்னும் கொஞ்சம் உடைக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சாணி சாம்பல் நிறத்தில் நுரைத்து, புளிச்ச வாடை அடித்து, அலசும்போது சளி போன்ற வழுவழுப்பான தோல் சல்லடையில் தங்கினால், மாவுச்சத்து தேவைக்கு மேல் கீழ்க்குடல்வரை போய் அங்கே புளிக்கிறது என்று பொருள். அப்போது அரவையைப் பெருவெட்டாக மாற்ற வேண்டும், அல்லது தானியத்தைக் குறைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இந்தச் சல்லடையைத்தான்.

மில்லில் என்ன சொல்லி உடைக்கச் சொல்வது என்பது தனிக் கலை. மாட்டுக்கு என்று மூட்டையை இறக்கினாலே பழக்க தோஷத்தில் மாவாக அரைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

"அண்ணே, மாவாக்கிறாதீங்க. ஒரு மணி மூணா நாலா உடைஞ்சாப் போதும்."

"அப்புறம் செரிக்கலன்னு வந்து நிக்காதே தம்பி. நைஸா இருந்தாத்தானே மாட்டுக்குச் செரிக்கும்?"

நைஸாக இருந்தால் சீக்கிரம் செரிக்கும் என்பது உண்மைதான். ஆபத்தே அந்தச் சீக்கிரத்தில்தான் இருக்கிறது. மணி மூன்று நான்கு துண்டாக இருந்தால் நுண்ணுயிர்கள் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தின்றுகொண்டே போகும். அமிலம் சீராக வரும், மாடு அதை உறிஞ்சிக்கொண்டே வரும். மாவாக இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் புளிக்கும். புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நல்ல நிலையில் அசையூண் வயிற்றின் பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். 6-க்குக் கீழே இறங்கினாலே நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். அதாவது நாம் தானியத்தை நன்றாகச் செரிக்க வைக்கப் போய் வைக்கோலைச் செரிக்காமல் ஆக்கிவிடுகிறோம். 5.5-க்குக் கீழே போனால் மாடு நோயாளி. அதற்கும் கீழே லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மட்டும் பெருகி, வயிற்றின் உட்சுவரே வெந்துபோகும்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு காளை இரவில் கயிறு அவிழ்ந்து, கொட்டகையில் இருந்த மக்காச்சோள மாவு மூட்டையை முட்டிக் கிழித்துத் தின்றுவிட்டது. காலையில் பார்த்தபோது வயிறு நிறைந்த திருப்தியில் படுத்திருக்கிறது என்றுதான் வீட்டார் நினைத்தார்கள். மதியத்துக்குள் பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. அசை அடியோடு நின்றிருந்தது. சாயங்காலம் தண்ணீராகக் கழிச்சல், அதில் புளிச்ச வாடை. கண் உள்ளே போய்விட்டது. மருத்துவர் வந்து குழாய் விட்டு மருந்து ஏற்றி எவ்வளவோ பார்த்தார். காளை எழவில்லை. அதே அளவு முழு மக்காச்சோளத்தைத் தின்றிருந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொடி அரவை எவ்வளவு வேகமாகக் கொல்லும் என்பதை அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். தப்பிப் பிழைக்கும் மாடுகளுக்கும் சில வாரம் கழித்துக் குளம்பு சூடேறி, வலியில் கால் மாற்றி மாற்றி நிற்கும். கல்யாண வீட்டில் மிச்சமான சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து ஒரே மாட்டுக்குக் கொட்டுவதும் இதே கணக்குதான். வெந்த சோறு மாவைவிட வேகமாகப் புளிக்கும். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள், மாடு செத்துவிடுகிறது. மாடு அசை போடாமல் மந்தமாக நின்று, முந்தின நாள் தானியமோ சோறோ கூடுதலாகத் தின்றிருந்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை உடனே கூப்பிடுங்கள்.

இனி ஈரமும் சூடும். அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் போன்ற மாநிலங்களில் பெரிய கறிமாட்டுப் பண்ணைகள் மக்காச்சோளத்தையும் சோளத்தையும் அரை மணி நேரத்துக்கு மேல் நீராவியில் வைத்து, சூடாக இருக்கும்போதே உருளைகளுக்கு நடுவே விட்டு அவலாகத் தட்டுகின்றன. 1960-களில் பரவிய முறை அது. நீராவியில் மாவுச்சத்து வெந்து இளகுகிறது, உருளையில் நசுங்கும்போது புரதக் காரை உடைகிறது. வெறுமனே உலர்வாக உடைத்த மக்காச்சோளத்தில் மாவுச்சத்து ஏறக்குறைய 90 விழுக்காடு செரித்தால், அவலாகத் தட்டியதில் 99 விழுக்காடு வரை செரிக்கிறது. சோளத்துக்குப் பலன் இதைவிடக் கூடுதல். கனடாவில் வாற்கோதுமைக்கு வெறும் ஈரம் ஏற்றி உருளையில் நசுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது இயல்பிலேயே சீக்கிரம் புளிக்கும் தானியம்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நாமும் வேகவைத்துப் போடலாமே" என்று தோன்றும். மலையில் அது கட்டாது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கீழே ஒரு மணி நேரத்தில் வேகும் கொள்ளு இங்கே வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று மலையில் சமைக்கிற பெண்களைக் கேட்டால் தெரியும். அவ்வளவு விறகுக்கும் கேஸுக்கும் கொடுக்கும் காசு கறியில் திரும்பி வராது. அதோடு, அசை போடும் விலங்குக்குப் பயறை வேகவைப்பதால் கிடைக்கும் லாபம் மனிதனுக்குக் கிடைக்கும் அளவு பெரிதல்ல. பச்சைப் பயறில் இருக்கும் செரிமானத் தடைப் பொருள்களைப் பெரும்பாலும் வயிற்று நுண்ணுயிர்களே முறித்துவிடுகின்றன. கிழட்டுக் காளைக்குக் கொள்ளு மென்மையாக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஊறவைத்து அரைத்தால் போதும்.

ஊறவைப்பதிலும் மலைக்கணக்கு வேறு. கீழே இரவு ஊறவைத்துக் காலையில் எடுப்பார்கள். இங்கே மார்கழி, தைக் குளிரில் தண்ணீர் பனியாய் இருக்கும்போது கொள்ளின் நடுவே ஊறவே ஊறாது. நான் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சாக்கு போட்டு மூடி, மறுநாள் காலையில்தான் எடுக்கிறேன். பருத்திக்கொட்டையும் அப்படியே. நல்ல பல் இருக்கிற மாடு பருத்திக்கொட்டையை முழுதாகத் தின்றாலும் அசை போடும்போது உடைத்துக்கொள்ளும். பல் போன காளைக்கு ஊறவைத்து ஆட்டித்தான் கொடுக்க வேண்டும். நம் தாத்தாக்கள் ஏர் மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை ஆட்டுக்கல்லில் ஆட்டிக் கொடுத்ததில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது எனக்கு இந்தக் காளைகளோடு பழகிய பிறகுதான் விளங்கியது.

சோளத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. விறகே வேண்டாம். முழுச் சோளத்தில் தண்ணீர் தெளித்துக் கிளறி, எடையில் 25 முதல் 30 விழுக்காடு ஈரம் இருக்கும்படி ஏற்றி, காற்றுப் புகாத டிரம்மில் அமுக்கி மூடி, மூன்று வாரம் வைக்க வேண்டும். உலர்ந்த சோளத்தில் 10, 12 விழுக்காடு ஈரம் ஏற்கெனவே இருக்கும் என்பதால், 100 கிலோவுக்கு 25 லிட்டர் தண்ணீர் போதும். ஒரே தடவையில் ஊற்றினால் அடியில் தேங்கிவிடும். இரண்டு மூன்று தடவையாகத் தெளித்து, ஊறவிட்டு, பிறகு மூட வேண்டும். உள்ளே மெதுவாகப் புளிக்கும்போது புரதக் காரை தானாகத் தளர்கிறது. திறந்தால் இலேசான இனிப்புப் புளிப்பு மணம் வரும். அதை அன்றன்றைக்குத் தேவையான அளவு எடுத்து நசுக்கிப் போட வேண்டும். இதில் முக்கியம், சோளம் முழுதாக இருக்கும்போதே ஈரம் ஏற்றி மூடுவது. உடைத்துவிட்டு ஊறப்போட்டால் இவ்வளவு பலன் வராது. மலைக்குளிரில் நான் மூன்று வாரத்துக்கு மேல் ஒரு வாரம் சேர்த்தே வைக்கிறேன்.

அடுத்து வைக்கோலும் தட்டையும். இவையும் கீழிருந்துதான் வருகின்றன. வெட்டும் மிஷினில் இரண்டு மூன்று செண்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிப் போட்டால் சேதாரம் குறையும். பல் இல்லாத காளையும் அள்ளித் தின்னும். அதற்குமேல் பொடியாக்க வேண்டாம். தூளாக்கினால் மாடு அதிகமாகத் தின்பதுபோல் தெரியும்; பார்ப்பவருக்கும் மகிழ்ச்சி. தூள் வயிற்றில் தங்காமல் வழிந்து ஓடிவிடும், செரிக்க நேரம் கிடைக்காது, அசையும் எழும்பாது. தானியமும் அரைத்தது, நாரும் அரைத்தது என்றால் அந்த மாட்டுக்கு உமிழ்நீரே ஊறாது. ஆகவே எவ்வளவு தேய்ந்த பல்லாக இருந்தாலும், ஒரு பிடி பச்சைப் புல்லை நீளமாகவே தொட்டியில் போட்டுவைப்பேன். மெதுவாகத் தின்னட்டும். காளை படுத்திருக்கும் நேரத்தில் கொட்டகையைச் சுற்றி வந்து, எத்தனை வாய் அசைகிறது என்று பாருங்கள். படுத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் அசை போட்டால் தீனி சரி.

வைக்கோலை யூரியா போட்டுப் பதப்படுத்துவது பழைய சங்கதி, எல்லோருக்கும் தெரியும்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடுவது. யூரியா அம்மோனியாவாக மாறி, நாரையும், செரிக்காத மரப்பொருளான லிக்னினையும் பிணைத்திருக்கும் கட்டுகளை அறுக்கிறது. வைக்கோல் மென்மையாகிறது, 3, 4 விழுக்காடு இருந்த புரதக் கணக்கு 7, 8-க்கு ஏறுகிறது. பல் இல்லாத மாட்டுக்கு இதைவிட நல்ல பக்குவம் இல்லை என்பேன். மலையில் இதைச் செய்தவர்கள் பலர் "பலனில்லை" என்று கைவிட்டதற்குக் காரணம், சமவெளியில் சொல்லும் 21 நாள் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்ததுதான். யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவது வைக்கோலில் இருக்கும் நுண்ணுயிர்களின் நொதி. அம்மோனியா நாரோடு வினைபுரிவதற்கும் வெப்பம் வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் நான்கு முதல் எட்டு வாரம் தேவைப்படும். சித்திரையில் மூடினால் நாலு வாரம், ஐப்பசிக்குப் பிறகு மூடினால் ஆறேழு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வெயில் படும் பக்கம் கறுப்பு தார்ப்பாயில் மூடுங்கள். திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடியும் பழுப்புப் பொன்னிறமும் வந்திருந்தால் பதம் சரி. அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விரித்த பிறகே மாட்டுக்குப் போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு இது ஆகாது. அவசரப்பட்டு யூரியாவைத் தண்ணீரில் கரைத்து நேராகக் கொடுத்தால் மாடு சில மணி நேரத்தில் செத்துவிடும்.

மலைக்கே உரிய தீனி கேரட்டும் உருளைக்கிழங்கும். கேரட் கழுவும் இடங்களில் உடைந்ததும் கோணலானதும் மலிவாகக் கிடைக்கும். அதை வெட்டாமல் கொட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். பெரிய கிழங்கை மாடு கடித்தாக வேண்டும். எலுமிச்சை அளவுள்ள சின்னக் கிழங்கை அப்படியே விழுங்கப் பார்க்கும், அது தொண்டையில் மாட்டிக்கொள்ளும். பல் இல்லாத காளைக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு. கழுத்தை நீட்டிக்கொண்டு, எச்சில் ஒழுக, இடது பக்கம் வயிறு உப்பினால் அடைப்பு என்று அர்த்தம். கையை விட்டோ கம்பை விட்டோ தள்ள முயலாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மண்வெட்டியால் பலகைமேல் கொத்தினாலும் போதும், துண்டாக்காமல் போடக் கூடாது. தொட்டியைத் தாழ்வாக வைத்தால் மாடு தலையை உயர்த்தி விழுங்க முடியாது, இதுவும் ஒரு காப்பு. பச்சை பிடித்த உருளையையும் முளைவிட்டதையும் ஒதுக்குங்கள். அதில் இருக்கும் சொலனைன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

கேரட்டில் 88 விழுக்காடு தண்ணீர். பத்துக் கிலோ தின்றாலும் உலர்ந்த கணக்கில் ஒரு கிலோ சொச்சம்தான். ஆனால் அதன் சர்க்கரை உடனே புளிக்கும் என்பதால் தானியத்தோடு சேர்த்தே கணக்கு வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் கேரட் தின்ற மாட்டின் கொழுப்பு மஞ்சளாகிவிடும். கேரட்டின் நிறப்பொருள் கொழுப்பில் போய்த் தங்குகிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றாலும் வெட்டும் இடத்தில் விலை பேசுவார்கள். கடைசி மாதத்தில் நான் கேரட்டைக் குறைத்துவிடுகிறேன்.

கடையில் வாங்கும் குச்சித் தீவனம் பல் இல்லாத காளைக்கு வசதிதான். கொஞ்சம் தண்ணீர் தெளித்து நனைத்துப் போட்டால் நன்றாகத் தின்னும். அது வைக்கோலுக்கு மாற்று ஆகாது, அவ்வளவே. மக்காச்சோளச் சைலேஜ், அதாவது பச்சையாக வெட்டிக் காற்றுப் புகாமல் புளிக்க வைத்த பயிர், வாங்குகிறவர்கள் கட்டைப் பிரித்து மணி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். முற்றிய மணி முழுதாகக் கிடந்தால் அது சாணியில் முழுதாகவே வரும்.

அளவும் வேகமும் பற்றி. எங்கள் மலைக்காளை சின்ன உடம்பு, 300 கிலோ இருந்தாலே பெரிது. அதற்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் ஆறிலிருந்து ஏழரைக் கிலோ தீனி. வந்த முதல் நாள் தானியம் அரைக் கிலோவுக்கு மேல் கிடையாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் கிலோ கூட்டி, மூன்று வாரத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குக் கொண்டுவருவேன். காலமெல்லாம் தட்டையையும் புல்லையும் மட்டும் தின்ற வயிற்றில் மாவுச்சத்தைக் கையாளும் நுண்ணுயிர்கள் பெருக அவ்வளவு காலம் வேண்டும். காலையில் முதலில் வைக்கோல். அசையூண் வயிற்றில் மெத்தை போட்ட பிறகே தானியம். அதுவும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. உப்பும் 50 கிராம் தாது உப்புக் கலவையும் தினமும். தானியம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சோடா உப்பு 50 கிராம் சேர்ப்பதுண்டு. குளிரில் தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்தால் காளைகள் கூடுதலாகக் குடிக்கின்றன. கூடுதலாகக் குடித்தால் கூடுதலாகத் தின்கின்றன.

கடைசியாக, உடைத்த தானியத்தைச் சேமித்து வைக்கும் விஷயம். தோல் இருக்கும்வரை மணி தன்னைக் காத்துக்கொள்ளும். உடைத்த நிமிடத்திலிருந்து அது மலை ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். முளைப்பகுதியில் இருக்கும் எண்ணெயும் காறிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் மஞ்சு கொட்டகைக்குள்ளேயே வந்து உட்காரும் நாட்களில் ஒரு வாரத்துக்கு மேல் குருணை வைத்திருக்கக் கூடாது. முழு மணியாகவே மூட்டையில், தரையில் படாமல் பலகைமேல் அடுக்கிவைத்து, வாரத்துக்கு ஒருமுறை மில்லுக்குக் கொண்டுபோவது அலைச்சல்தான், ஆனாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். கடலைப் புண்ணாக்கும் அப்படியே, மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். கையில் எடுத்துக் கசக்கி முகர்ந்து, பூஞ்சை வாடை துளி அடித்தாலும் எருக்குழியில் கொட்டிவிடுங்கள். காய வைத்துக் கலந்து போட்டால் தீரும் குற்றம் இல்லை அது.